சட்டம் விட்டது, மனச்சாட்சி விட்டதா?



பங்குத் திருநாளுக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் இரண்டு வகைச் சுமைகளோடு வருகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது உறவினருக்கு உரியது. நெஞ்சுக்குள் இருப்பது பெரும்பாலும் குருவானவருக்கு உரியது. அப்படி ஒரு சுமையோடு ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம் ஒன்றில், பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடையொன்றில் அவர் வேலை செய்கிறார். அவர் பேசியது பாவசங்கீர்த்தனத்தில் அல்ல. பங்கு மனை விறாந்தையில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு. ஆளை அடையாளம் காட்டாமல் எழுதலாம் என்று அனுமதியும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

“சுவாமி, நான் களவாய் ஒண்டும் விக்கேல்லை. லைசன்ஸ் இருக்கிற கடை, வரி கட்டித்தான் விக்கிறம். ஒரு நாள் பின்னேரம் புத்தகப் பையோட ஒரு பெடியன் வந்தான். பதினஞ்சு வயசு இருக்கும். கஞ்சாச் சத்துப் போட்ட இனிப்புப் பக்கற் ஒண்டு கேட்டான். அந்த நேரம் எங்கட மாநிலத்தில அதுக்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை. எடுத்துக் குடுத்தன். வீட்ட போனால், என்ர மகளுக்கும் பதினாலு வயசு. அவளின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு. சட்டம் விட்டதைத்தானே செய்தனான்? பிறகு ஏன் சுவாமி நெஞ்சு குத்துது?”

அவருக்கு அன்று நான் முழுமையாக மறுமொழி சொல்லவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். இந்த வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது அந்த மறுமொழியே. ஆனால் அது அவருக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே செபமாலையோடு காத்திருக்கும் தாய் தந்தையருக்கும், அங்கேயிருந்து இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களுக்கும், இங்கே பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் உரியது.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். நோயை அறியாமல் மருந்து சொல்லக் கூடாது அல்லவா?

ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ எனப்படும் பயிர் ஒன்று உண்டு. இதைத் தமிழில் சிலர் சணல் என்று எழுதுகிறார்கள். நாம் சாக்கு இழைக்கும் சணலுக்கும் இதற்கும் உறவில்லை. இது கஞ்சாச் செடியின் இனமே. ஆனால் போதை தரும் சத்து மிகக் குறைந்த வகை. கயிறு, துணி, காகிதம், எண்ணெய் வித்து என்று பல நற்பயன்களுக்காக மனிதர் இதை நெடுங்காலம் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். கஞ்சாவில் போதை தரும் முதன்மைச் சத்து ‘டெல்ரா-9 ரி.எச்.சி.’ என்பதாகும். நார்க் கஞ்சாவில் அது குறைவு. போதை தராத ‘சி.பி.டி.’ என்னும் மற்றொரு சத்து அதில் மிகுதி.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆந் திகதி அமெரிக்காவில் புதிய விவசாயச் சட்டமொன்று கையொப்பமிடப்பட்டது. உலர்ந்த நிறையில் டெல்ரா-9 ரி.எச்.சி. 0.3 வீதத்துக்கு மேற்படாத கஞ்சாச் செடி ‘ஹெம்ப்’ ஆகும். அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருட் பட்டியலில் இராது. அதிலிருந்து எடுக்கப்படும் சத்துகளுக்கும் இது பொருந்தும் என்று அச்சட்டம் கூறியது. கெந்தக்கி மாநிலத்துச் செனற்றர் மிச் மக்கொனல் இதற்கு முன்னின்று உழைத்தார். புகையிலைப் பயிர்ச்செய்கை நலிந்துபோன தம் மாநிலத்து விவசாயிகளுக்கு இது புதிய வழியாகும் என்பது அவர்களின் எண்ணம். எண்ணத்தில் குறை காண்பதற்கில்லை.

இந்த 0.3 வீதம் என்ற அளவு எங்கிருந்து வந்தது? 1976இல் ஏர்னெஸ்ற் சிமோல், ஆர்தர் குறொங்குவிஸ்ற் என்ற தாவரவியல் அறிஞர் இருவர், கஞ்சாச் செடியை இரு வகையாகப் பிரித்துப் பெயரிடுவதற்காக ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். அது செடிகளைத் தரம் பிரிக்கப் போட்ட கோடு. எவ்வளவு உண்டால் ஒரு மனிதன் மயங்குவான், ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்று அளந்து போட்ட கோடு அல்ல.

வயலில் நிற்கும் செடிக்கு ஏற்ற அந்தக் கோடு, கடைத்தட்டில் இருக்கும் பண்டத்துக்கு வந்தபோதுதான் விபரீதம் தொடங்கியது. சிறு கணக்கு ஒன்றைப் பாருங்கள். நான்கு கிராம் நிறையுள்ள ஒரு பசை இனிப்பில் 0.3 வீதம் என்றால் 12 மில்லிகிராம். 50 கிராம் சொக்லேற் என்றால் 150 மில்லிகிராம். கஞ்சாவை வெளிப்படையாக அனுமதித்து ஒழுங்குபடுத்திய கொலராடோ மாநிலத்திலேயே, வளர்ந்தவர் ஒருவர் ஒரு தடவை உண்பதற்குரிய அளவு 10 மில்லிகிராம்தான். வீதத்தைப் பார்த்தால் சிறிது; வயிற்றுக்குள் போவதைப் பார்த்தால் பெரிது.

இரண்டாவது வழி இன்னும் தந்திரமானது. போதை தராத சி.பி.டி. சத்தைப் பிரித்தெடுத்து, கரைப்பான்களும் அமிலமும் சேர்த்து இரசாயன முறையில் மாற்றினால், அது ‘டெல்ரா-8 ரி.எச்.சி.’ ஆகிறது. இது செடியில் இயற்கையாக மிகச் சொற்பமாகவே உள்ளது. ஆனால் போதை தருவது. சட்டம் பெயர் சொல்லித் தடுத்தது டெல்ரா-9ஐ மட்டுமே. எட்டு என்ற இலக்கம் சட்டத்தில் இல்லை. ஆகவே எட்டு சந்தைக்கு வந்தது. 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றும், சட்டத்தின் சொற்களை உள்ளபடி பார்த்தால் டெல்ரா-8 அனுமதிக்கப்பட்ட பொருளே. சட்டத்தில் ஓட்டை விடப்பட்டிருந்தால் அதை அடைப்பது சட்டசபையின் வேலை என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது.

விளைவு என்ன? அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் வெளியிட்ட கணக்கைத் தருகிறேன். 2021 ஜனவரி முதல் 2022 பெப்ருவரி முடிய, அந்நாட்டு நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு டெல்ரா-8 பண்டங்கள் தொடர்பாக 2,362 முறைப்பாடுகள் கிடைத்தன. அவற்றுள் நூற்றுக்கு 41 பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பற்றியவை. ஒரு பிள்ளை இறந்ததாகவும் பதிவாகியுள்ளது. 2023இல் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேற்பட்டோர் அந்த ஓராண்டுக்குள் டெல்ரா-8ஐப் பயன்படுத்தியதாகக் கூறினர். பிள்ளைகள் விரும்பி உண்ணும் பெயர்பெற்ற இனிப்புகள், பொரியல்கள் போலவே உறை செய்து இவற்றை விற்ற நிறுவனங்களுக்கு 2023 ஜூலையில் அரசாங்கம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்ப வேண்டியிருந்தது.

பிள்ளை மீன் கேட்டால் பாம்பைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்று நம் ஆண்டவர் கேட்டார். இல்லை என்பதே எல்லோருடைய விடையாகவும் இருக்கும் என்று நம்பித்தான் அவர் அக்கேள்வியைக் கேட்டார். இன்று பிள்ளை இனிப்பைக் கேட்கிறது. இனிப்பின் உறைக்குள் வேறொன்றை வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தகப்பன் கொடுக்கமாட்டான். ஆனால் மற்றொருவனுடைய பிள்ளைக்கு விற்கும்போது நாம் தகப்பன் என்பதை மறந்துவிடுகிறோம். நண்பரே, உங்கள் நெஞ்சு குத்திய இடம் இதுதான். மகளின் முகத்தைக் கண்டவுடன், கடையில் மறந்திருந்த தகப்பன் விழித்துக்கொண்டான். அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். நெஞ்சு குத்தாமல் இருந்திருந்தால்தான் நான் உங்களுக்காகப் பயந்திருப்பேன்.

இனி, “சட்டம் விட்டதுதானே” என்ற உங்கள் கேள்விக்கு வருவோம். இது புதிய கேள்வியல்ல. புனித சின்னப்பர் காலத்திலேயே கொரிந்து நகரக் கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டார்கள். எல்லாம் எனக்கு ஆகும், எல்லாவற்றுக்கும் எனக்கு உரிமையுண்டு என்பது அவர்களின் வாய்ப்பாடமாக இருந்தது. சின்னப்பர் அந்த உரிமையைக் குறித்து அவர்களோடு நீண்ட வழக்குப் பேசவில்லை. வேறு மூன்று கேள்விகளை அவர்கள்முன் வைத்தார். அது நன்மை பயக்குமா? அது பிறரைக் கட்டியெழுப்புமா? அதற்கு நீ அடிமையாகிவிடுவாயா? உரிமை இருக்கிறதா என்பது முதற்படி மட்டுமே. கிறிஸ்தவன் அந்தப் படியில் நின்றுவிடக் கூடாது.

அதே திருமுகத்தில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அதை உண்ணுவதில் தமக்குத் தவறில்லை என்று அறிந்திருந்தும், தாம் உண்பதால் பலவீனமான ஒரு சகோதரன் விழுவானாயின், ஒருபோதும் உண்ணமாட்டேன் என்கிறார். சந்தையில் விற்கும் பொருளைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் கண் பொருளில் நிற்கவில்லை. அதனால் விழக்கூடிய மனிதன்மேல் நிற்கிறது.

பரிசேயரை நம் ஆண்டவர் கண்டித்ததையும் நினைவுகூருங்கள். புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்திலொரு பங்கை நிறுத்து அளந்து கொடுத்தார்கள். நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய தராசில் பிழை இருந்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. இலையை நிறுக்கத் தெரிந்தவர்களுக்கு இரக்கத்தை நிறுக்கத் தெரியவில்லை என்பதே குற்றச்சாட்டு. 0.3 வீதம் சரியாக இருக்கிறது என்று பரிசோதனைச் சான்றிதழைக் காட்டிவிட்டு, அதை வாங்கிப் போகும் சிறுவனைப் பார்க்காமல் இருப்பவன் அதே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறான்.

இதைச் சொல்லும்போது, செடியின் மேல் யாரும் வெறுப்புக் கொள்ள வேண்டாம். படைத்தவற்றையெல்லாம் இறைவன் பார்த்து நல்லவை எனக் கண்டார். இதே செடியின் சி.பி.டி. சத்திலிருந்து செய்த மருந்தொன்று, கொடிய வலிப்பு நோயால் வருந்தும் குழந்தைகளுக்காக 2018 ஜூனில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. மருந்து என்பதால் அதற்கு அளவு உண்டு, வைத்தியர் உண்டு, பரிசோதனை உண்டு, பொறுப்பாளி உண்டு. நம் நாட்டிலும் ஆயுர்வேத, சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்கு மருந்துக்குரிய இடம் உண்டு. திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மருத்துவத் தேவைக்கு அப்பால் போதைப்பொருளைப் பயன்படுத்துவதையே கனமான குற்றம் எனக் கற்பிக்கிறது. மருந்தாகக் கொடுப்பது வேறு. மயங்கட்டும் என்று விற்பது வேறு.

சட்டங்களும் சும்மா இருக்கவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வழிகள் வேறுபட்டன. மின்னசோட்டா மாநிலம் 2022 ஜூலை முதலாந் திகதியிலிருந்து, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரம், ஒரு தடவைக்கு 5 மில்லிகிராம், ஒரு பொதியில் 50 மில்லிகிராம் என்று எல்லை கட்டியது. கலிபோர்ணியா 2024 செப்ரெம்பரில், கண்டறியக்கூடிய அளவு ரி.எச்.சி. உள்ள ஹெம்ப் உணவுகளையும் பானங்களையும் அவசர விதியால் தடுத்தது. டெக்சாஸ் சட்டசபை 2025இல் முழுத் தடையை நிறைவேற்றியது. ஆளுநர் கிறெக் அபொற் ஜூன் மாதத்தில் அதை இரத்துச் செய்தார். தடுப்பதைவிட மதுவைப் போல் ஒழுங்குபடுத்துவதே நல்லதென்றார். பின்னர் செப்ரெம்பரில், 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாதென்று ஆணையிட்டார்.

இறுதியாக மத்திய அரசே கைவைத்தது. 43 நாட்கள் முடங்கிக் கிடந்த அரச அலுவல்களை மீளத் திறப்பதற்காக 2025 நவம்பர் 12ஆந் திகதி கையொப்பமான நிதிச் சட்டத்துக்குள், ஹெம்ப் என்பதற்குப் புதிய வரைவிலக்கணம் சேர்க்கப்பட்டது. இனி டெல்ரா-9 மட்டுமல்ல, ரி.எச்.சி. வகைகள் அனைத்தும் கணக்கில் சேரும். செடிக்கு வெளியே இரசாயன முறையில் ஆக்கிய சத்துகள் ஹெம்ப் ஆகமாட்டா. விற்பனைக்கு வரும் ஒரு கொள்கலனில் மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முன்சொன்ன ஒரே ஒரு பசை இனிப்பில் இருக்கக்கூடியது இதைவிட முப்பது மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஓராண்டின் பின் இது நடைமுறைக்கு வரும் என்று அச்சட்டம் கூறியது.

இதற்கு முன்னின்றவர் யார் தெரியுமா? 2018இல் கதவைத் திறந்த அதே மிச் மக்கொனல்தான். அதே மாநிலத்து மற்றச் செனற்றரான றான்ட் போல் எதிர்த்து நின்றார்; விவசாயிகளின் பிழைப்புப் போய்விடும் என்றார். அவருடைய திருத்தம் 76க்கு 24 என்ற வாக்குகளால் ஒதுக்கப்பட்டது. நம்பிப் பயிரிட்டவனுக்கும், கடனெடுத்துக் கடை வைத்தவனுக்கும் இது பெரிய அடி என்பதை நாம் மறுக்கக் கூடாது. சட்டத்தை நம்பி முதலிட்டவனைச் சட்டமே கைவிடும்போது அவன் கொள்ளும் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், தாம் திறந்த கதவால் தாம் எண்ணாதது உள்ளே நுழைந்துவிட்டது என்று கண்டு அதைச் சாத்த முன்வந்த ஒரு வயோதிபரின் செயலில் நாம் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். 2018இல் ஆகும் என்ற சட்டம் 2025இல் ஆகாது என்கிறது. ஒரு மாநிலத்தில் ஆகும் என்பது எல்லையைத் தாண்டினால் ஆகாது. நாளை மீண்டும் மாறவுங் கூடும். இவ்வளவு விரைவில் மாறும் ஒன்றை நம் ஆன்மாவின் திசைகாட்டியாக வைத்துக்கொள்ள முடியுமா? சட்டம் மாறிய ஒவ்வொரு நாளும் அந்தப் பதினைந்து வயதுப் பையனின் மூளையும் மனமும் மாறிவிட்டனவா? அவனுக்கு 2018இலும் அது தீங்குதான், 2025இலும் தீங்குதான். சட்டம் அதைக் கண்டுகொள்ள ஏழு ஆண்டுகள் எடுத்தது. உங்கள் மனச்சாட்சி ஒரே மாலையில் கண்டுகொண்டது.

அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலவீனரைக் காக்கச் சட்டம் வேண்டும்; நல்ல சட்டத்துக்காகக் குரல் கொடுப்பதும் கிறிஸ்தவனின் கடமையே. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2014 ஜூனில் உரோமாபுரியில் போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் பேசும்போது, மகிழ்வுக்கான போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்குவதை ஏற்க மறுத்தார். அதோடு, இளைஞர் போதைக்கு இல்லை என்று சொல்ல வேண்டுமாயின், வாழ்வுக்கும் அன்புக்கும் கல்விக்கும் விளையாட்டுக்கும் வேலைக்கும் ஆம் என்று சொல்ல நாம் இடமமைத்துக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தையும் வற்புறுத்தினார். தடை மட்டும் போதாது. வெறுமையான வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு அப்படியே விட்டால், போன பேய் ஏழு பேயோடு திரும்பும் என்று ஆண்டவரே எச்சரித்திருக்கிறார்.

நம் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே கஞ்சா கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அப்படியிருந்தும் ‘கேரளக் கஞ்சா’ மூட்டைகள் நம் வடகரையோரங்களில் பிடிபட்ட செய்திகளை நாம் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்? அங்கே சட்டத்தில் ஓட்டை. இங்கே கடலில் ஓட்டை. இரண்டு இடத்திலும் அதை விற்பவன் தேடுவது நம் பிள்ளையைத்தான். இரண்டு இடத்திலும் கடைசிக் காவல் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஆகவே பெற்றோரே, சில காரியங்களைச் செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் இனிப்புகளின் உறையை வாசித்துப் பார்த்த பின்னரே குழந்தைகளின் கையில் கொடுங்கள். வெளிநாட்டில் வாழ்வோர், வீட்டுக்கு வருபவர்கள் கொண்டுவரும் பண்டங்களையும் கவனியுங்கள். இச்சத்துக் கலந்த உணவு உடனே வேலை செய்வதில்லை; ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலங்கள் சென்று மயக்கம் தெரியலாம். குழந்தை காரணமின்றி அளவுமீறித் தூங்கினாலோ, தள்ளாடினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே மானத்துக்குப் பயந்து உண்மையை மறைக்காதீர்கள். வைத்தியருக்குச் சொல்லாத உண்மை பிள்ளைக்கு நஞ்சாகும். வளர்ந்த பிள்ளை தவறு செய்துவிட்டு வந்து சொன்னால், முதலில் கேளுங்கள், பிறகு கண்டியுங்கள். ஊதாரி மகனின் தந்தை வாசலில் நின்றபடியால்தான் மகனுக்குத் திரும்பி வர வழி தெரிந்தது.

இனி, கடையில் நிற்கும் நண்பருக்கு. நீங்கள் செய்தது சரியல்ல என்பதை நீங்களே அறிவீர்கள். அறியாமையும் பழக்கமும் அதன் பாரத்தைக் குறைக்கலாம், இல்லாமற் செய்யமாட்டா. பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள்; இறைவனின் இரக்கம் அளந்து கொடுக்கப்படுவதில்லை. பின்னர் முதலாளியோடு பேசுங்கள். பிள்ளைகளைக் கவரும் உறைகள் கடையில் வேண்டாம் என்று கேளுங்கள். வயது காட்டாதவனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். போதை தரும் அந்தப் பண்டங்களைத் தட்டிலிருந்து முற்றாக எடுத்துவிடலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். இலாபம் குறையும் என்றபோது எபேசு நகரத் தட்டார்கள் சின்னப்பருக்கு எதிராகத் தெருவில் கூடினார்கள். உங்கள் முதலாளியும் கோபிக்கலாம். வேலையே போகக்கூடிய நிலை வந்தால் அது இலேசான சிலுவை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் உங்கள் தோளில் இருப்பதை நான் அறிவேன். அந்த நாள் வந்தால் எழுதுங்கள். அங்கேயுள்ள நம்மவர்கள் வேறு வேலை தேடித்தர உதவ வேண்டும். மனச்சாட்சிக்காக ஒருவன் இழப்பதைப் பகிர்ந்துகொள்ளாத சமூகம் அவனுக்கு ஒழுக்கம் போதிக்கத் தகுதியற்றது.

அந்தப் பையனின் பெயர் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். நீங்களும் உங்கள் மகளும் இன்று மாலைச் செபத்தில் அவனுக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுங்கள். இங்கே இதை வாசிக்கும் குடும்பங்களும் சேர்ந்து சொல்லட்டும்.

நம் பிள்ளைகளையும், நம் கடை வாசலுக்கு வரும் பிறர் பிள்ளைகளையும் இறைவன் காப்பாராக. ஆமென்.